அப்லோடு செய்யும் ஃபைல்களை ரிலேட்டிவ் ஃபோல்டரில் சேமிப்பது எப்படி? (ஜாவா, டாம்கேட் 9)

கேள்வி:
டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரில், சர்வ்லெட் (பிரவுசர் கோரிக்கையைக் கையாளும் ஜாவா கிளாஸ்) வழியாகப் படங்கள் அப்லோடு ஆகின்றன. சேமிக்க நியூ ஃபைல்("அப்லோட்ஸ்/" + பெயர்) என்று கொடுத்தால், எக்லிப்ஸில் ஓட்டும்போது எக்லிப்ஸ் இன்ஸ்டால் ஆன ஃபோல்டரைப் போய்த் தேடுகிறது. லினக்ஸ் சர்வரில் ஃபைல்நாட்ஃபவுண்ட் எக்செப்ஷன். கெட்ரியல்பாத்("/அப்லோட்ஸ்") வேலை செய்கிறது, ஆனால் புது வார் ஃபைல் (WAR, அப்ளிகேஷன் முழுவதையும் அடக்கிய ஃபைல்) ஏற்றியதும் பழைய படங்களைக் காணோம். முழுப் பாதையைக் கோடுக்குள் எழுத விருப்பமில்லை. அப்ளிகேஷன் ஃபோல்டரை ஒட்டியே பாதை கொடுக்க வழி உண்டா?

பதில் 1:
ஃபைல் கிளாஸுக்கு உங்கள் அப்ளிகேஷன் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. ரிலேட்டிவ் பாதையை (ரூட்டிலிருந்து முழுதாக எழுதாத பாதையை) அது ஜேவிஎம் (ஜாவாவை இயக்கும் புரோகிராம்) தொடங்கிய ஃபோல்டரிலிருந்து கணக்கிடும். டாம்கேட்டை அதன் பின் (bin) ஃபோல்டரில் நின்று தொடங்கினால் அதுதான் ஆரம்பம். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை இயக்குவது) தொடங்கினால், வேறு சொல்லாதவரை, ரூட் (/) ஃபோல்டர். அங்கே அப்லோட்ஸ் என்று எதுவும் இல்லை, அதனால்தான் எக்செப்ஷன்.

கெட்ரியல்பாத் காட்டுவது வார் ஃபைல் விரிந்த ஃபோல்டரை. ரீடிப்ளாய் செய்தால் டாம்கேட் அதை அழித்துவிட்டுப் புதிதாக விரிக்கும். வாரை விரிக்காமல் ஓட்டும்படி செட்டிங் இருந்தால் பாதைக்குப் பதில் நல் (null, வெறுமை) தான் கிடைக்கும். இன்னொன்று, இதுதான் பெரிய ஆபத்து: அந்த ஃபோல்டரில் ஒருவர் ஜேஎஸ்பி ஃபைலை (ஜாவா கோடு அடங்கிய வெப் பக்கம்) ஏற்றி, அதன் முகவரியை பிரவுசரில் திறந்தால் சர்வர் அதை இயக்கிவிடும்.

ஆகவே ஃபோல்டர் வெப்ஆப்ஸுக்கு (டாம்கேட் அப்ளிகேஷன்களை வைக்கும் ஃபோல்டர்) வெளியேதான் இருக்க வேண்டும். பின் ஃபோல்டரில் செட்என்வ்.எஸ்எச் என்ற ஃபைலை உருவாக்கி (முதலில் இருக்காது), கேடலினா_ஆப்ட்ஸ் (டாம்கேட்டின் ஜாவா ஆப்ஷன்கள்) என்ற வேரியபிளில் மைனஸ்-டி (-D) கொடுத்து "அப்லோடு.டிர்" என்ற ப்ராப்பர்ட்டியில் பாதையை வையுங்கள். கோடில் சிஸ்டம்.கெட்ப்ராப்பர்ட்டி வழியாக அதை எடுத்து, ரிசால்வ் மூலம் ஃபைல் பெயரைச் சேருங்கள். டேட்டாபேஸில் பெயர் மட்டும் போதும். அப்போது பாதை ரிலேட்டிவ்தான், ஆனால் நீங்கள் சொன்ன இடத்துக்கு ரிலேட்டிவ்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அப்லோடான ஃபைலை நேரே சேமிக்கும் பார்ட்.ரைட்டிலும் இதே சிக்கல் உண்டு: ரிலேட்டிவ் பெயர் கொடுத்தால் மல்டிபார்ட்கான்ஃபிக்கின் (சர்வ்லெட்டின் அப்லோடு செட்டிங்) லொகேஷனுக்குள் போகும், அதைக் குறிப்பிடாவிட்டால் டாம்கேட்டின் ஒர்க் ஃபோல்டருக்குள். பார்ட்.கெட்இன்புட்ஸ்ட்ரீமை ஃபைல்ஸ்.காப்பியிடம் கொடுப்பதே தெளிவு.

பயனர் அனுப்பும் பெயரை அப்படியே பாதையில் சேர்க்கவே கூடாது. அதில் "../" இருந்தால் ஃபோல்டரைத் தாண்டி எழுதலாம். யூயூஐடி-யை (மறுபடி வராத சீரற்ற அடையாளம்) பெயராக வைத்து, நீங்கள் அனுமதித்த எக்ஸ்டென்ஷனை மட்டும் ஒட்டுங்கள். ஒரே பெயரில் இருவர் ஏற்றினாலும் மோதாது. மல்டிபார்ட்கான்ஃபிக்கில் மேக்ஸ்ஃபைல்சைஸையும் (ஃபைல் அளவின் உச்சம்) வையுங்கள், இயல்பாக அதற்கு வரம்பே இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஃபோல்டருக்கு டாம்கேட் யூசரை ஓனராக்கியும் "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வருகிறது. உபுண்டுவின் டாம்கேட்9 பேக்கேஜ்.

பதில் 1:
பர்மிஷன் பிரச்சினை அல்ல. அந்தப் பேக்கேஜின் சர்வீஸ் ஃபைலில் ப்ரொடெக்ட்சிஸ்டம்=ஸ்ட்ரிக்ட் இருக்கிறது; பட்டியலில் உள்ள சில ஃபோல்டர்களைத் தவிர வேறெங்கும் எழுத விடாது. சிஸ்டம்சிடிஎல் எடிட் டாம்கேட்9 கொடுத்து, சர்வீஸ் என்ற தலைப்பின் கீழ் ரீட்ரைட்பாத்ஸ்= எனப் போட்டு உங்கள் பாதையை எழுதுங்கள். பிறகு ரீஸ்டார்ட்.

படங்களைக் காட்ட, கான்டெக்ஸ்ட் ஃபைலில் ரிசோர்சஸுக்குள் ப்ரீரிசோர்சஸ் வழியாக அந்த ஃபோல்டரை மவுண்ட் செய்ய முடியும். ஆனால் முன்பு சொன்ன ஜேஎஸ்பி ஆபத்து அதோடு திரும்பி வரும். ஃபைலைப் படித்து அனுப்பும் சின்ன சர்வ்லெட் எழுதுங்கள். கன்டென்ட்-டைப்பை (என்ன வகை ஃபைல் என்று பிரவுசருக்குச் சொல்லும் ஹெடர்) மட்டும் மறக்காமல் வையுங்கள்.