“கடைசியா லத்தி எப்போ போட்டான்?”: அந்த ராத்திரி எனக்குப் பதில் தெரியவில்லை

எங்கள் குதிரைக்குப் பதினொரு வயது. தீவன வாளிச் சத்தம் கேட்டாலே லாயக் கதவை முட்டுகிறவன். அன்று மாலை வாளியை வைத்தும் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்காலால் தரையைப் பறித்துக்கொண்டு, அடிக்கடி கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தான், மேலுதட்டைச் சுருட்டினான், படுத்தான், உடனே எழுந்தான். கோலிக் என்று சொல்லும் வயிற்றுவலி.

மருத்துவருக்குப் போன் செய்தேன். நாடித்துடிப்பு எவ்வளவு, ஈறு என்ன நிறம், கடைசியா லத்தி, அதாவது சாணம், எப்போ போட்டான் என்று கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆறு வருஷமாகக் கூடவே இருக்கிறேன், அவன் நாடியை ஒரு தடவைகூட எண்ணியதில்லை. தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்துத் தடவுங்கள், கயிறு மாதிரி உருளும், அதுதான் என்று அவர் போனிலேயே சொல்லிக்கொடுத்தார். 15 விநாடி எண்ணியதில் 14, நிமிஷத்துக்கு 56. ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும்.

தீவனத்தை எடுத்துவிடுங்கள், வலி மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், வலி அடங்கிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும் என்றார். வந்ததும் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே தேங்கினால் இரைப்பையே கிழியலாம், அதனால்தான் முதலில் அதைப் பார்க்கிறார்கள். குடலில் அடைப்பு. பழைய வைக்கோல் தீர்ந்ததும் ஒரே நாளில் முழுக்கப் புதியதற்கு மாற்றியிருந்தேன். ஏழு முதல் பத்து நாள் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றியிருக்க வேண்டும். குளிர் நாள் வேறு, தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை, அதையும் நான் கவனிக்கவில்லை.

விடியற்காலையில் நாலு உருண்டை போட்டான். காய்ந்து, சளி மாதிரி ஒரு பூச்சோடு. கையில் எடுத்துப் பிட்டுப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

இப்போது வாரம் ஒருமுறை, அவன் நன்றாக இருக்கும்போதே நாடி, மூச்சு, உடல் வெப்பம் மூன்றையும் தீவனப் பெட்டி மூடியில் சாக்பீஸால் எழுதிவைக்கிறேன். அவனுக்கு நாடி வழக்கமாக 34.

*

மேலே ஒருவர் தன் குதிரையைப் பற்றி எழுதியதைப் படித்ததும், உதை வாங்கிய என் முழங்கால் ஞாபகம் வந்தது. சாந்தமான பெண் குதிரை, யாரையும் உதைத்ததே இல்லை. தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தவளின் நேர் பின்னால் சத்தமில்லாமல் போய் முதுகில் தட்டினேன், அவ்வளவுதான். குதிரைக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் பார்வை எட்டாது, அவளுக்கு அந்த இடத்தில் திடீரென்று ஏதோ வந்து தொட்டது, உதைத்தாள். அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை. இப்போதெல்லாம் பேர் சொல்லிக்கொண்டே தோள் பக்கமாகப் போகிறேன், ஒரு காது என் பக்கம் திரும்பும்வரை கை வைப்பதில்லை. பின்பக்கம் சுற்ற வேண்டுமானால் பிட்டத்தில் கை வைத்தபடி உடம்போடு ஒட்டிப் போவேன், இல்லையென்றால் நன்றாக விலகிப் போவேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு கை தூரத்தில் நிற்பதுதான் மோசம், உதை முழு வேகத்தில் விழுவது அங்கேதான்.

*

முழங்கால் விஷயம் சொன்னவருக்கு: என் குதிரைக்கு வயிற்றுவலி வந்த அந்த ராத்திரி நானும் தப்பித்தவன்தான். நாடி பார்க்கிற அவசரத்தில் அவனுக்கும் சுவருக்கும் நடுவில் மண்டியிட்டிருந்தேன், அப்படியே என் பக்கமாகச் சரிந்தான். போதாததற்கு, நழுவாமல் இருக்கட்டும் என்று கயிற்றைக் கையில் சுற்றியிருந்தேன். சுற்று தானாகக் கழன்றதால் உருண்டு வெளியே வந்தேன். இப்போது கயிற்றை மடித்துத்தான் பிடிக்கிறேன். லாயத்துக்குள் மண்டியிடுவதில்லை, குந்திக்கொள்கிறேன், கதவு என் முதுகுப் பக்கம் இருக்கும்படி.