உயிர்க்கிடைப்பா, தேறுமளவா?

மொழிபெயர்ப்பவர்:
அனைவருக்கும் வணக்கம். உணவியல் நூலில் மதுபானங்களின் கனிமங்கள் பற்றிய இயல் என் பங்குக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். பயோஅவைலபிளிட்டி என்ற சொல்லில்தான் இடறுகிறேன். உட்கொண்டதில் எவ்வளவு உடலுக்குள் சேர்ந்து பயன்படுகிறது என்பது பொருள். "பீரிலுள்ள சிலிக்கனின் உயிர்க்கிடைப்பு மிகுதி" என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் "பீரில் உயிர் கிடைக்குமா?" என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்.

புலவர்:
அவர் கேட்டது சரிதான். உயிருக்குக் கிடைப்பு என்று நான்காம் வேற்றுமையில் விரிப்பதா, உயிரது கிடைப்பு என்று ஆறில் விரிப்பதா? "கடைசியில் எவ்வளவு தேறும்?" என்று கணக்குப் பார்க்கிறோமே, அதுதான் இது. 'தேறுமளவு' என்று வையுங்கள். வண்டல் படிந்து தெளிந்த கள் தேறல். "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" (புறம். 56). தெளி, தேறு, நீரைத் தெளிவிக்கும் தேற்றாங்கொட்டை எல்லாம் ஒரே குடும்பம். மதுபான இயலுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்?

வேதியியல் ஆசிரியை:
ஐயா, தேறுமளவு என்றால் என் மாணவர்கள் தேர்ச்சி மதிப்பெண் என்றுதான் நினைப்பார்கள். இன்னொன்று, ஒயின் தெளியும்போது பொட்டாசியம் பைடார்ட்டரேட் என்னும் உப்பு படிகமாகி வண்டலோடு இறங்கிவிடும். தேறத் தேறப் பொட்டாசியம் குறையும்! அப்படியும் 100 மி.லி. சிவப்பு ஒயினில் சுமார் 100 மி.கி.க்கு மேல் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மி.கி. என்கிறது, ஆகவே ஒரு கோப்பையைப் பெரிய கொடை என்று சொல்ல முடியாது. வடித்த மதுவிலோ கனிமமெல்லாம் கொதிகலனிலேயே தங்கிவிடும். செம்புக் கலத்தில் வடித்தால் கொஞ்சம் செம்பு ஒட்டிக்கொண்டு வரும், அவ்வளவுதான்.

தனித்தமிழ் அன்பர்:
முதலில் 'கனிம'த்தை நீக்குங்கள். சுரங்கத்தைக் குறிக்கும் வடசொல் கனியிலிருந்து வந்தது அது. 'தாது'வும் அப்படியே. சிலிக்கனுக்கு மண்ணியம் இருக்கிறது.

புலவர்:
கன் என்றால் செம்பு, கன்னார் செம்பு வேலை செய்வோர். கனிமத்துக்கு அந்த வேரையும் காட்டலாம். விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மட்டுறுத்துநர்:
இழை திசைமாறுகிறது. வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

புலவர்:
மட்டு என்றாலும் கள்தான். நீங்களும் இந்த இயலைச் சேர்ந்தவரே.

வேதியியல் ஆசிரியை:
சிலிக்கன் பற்றிய வரி சரி. வாற்கோதுமை உமியிலிருந்து பீரில் கரையும் சிலிக்கன் ஆர்த்தோசிலிசிக் அமிலம் என்னும் கரைந்த வடிவில் இருப்பதால் எளிதில் உறிஞ்சப்படுகிறது. ஆனால் ஆல்ககால் மக்னீசியத்தையும் துத்தநாகத்தையும் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றும். வரவோடு செலவையும் கழித்தால் 'நிகரத் தேறுமளவு' என்று அடுத்த சொல்லுக்கு வருவீர்கள்.

மொழிபெயர்ப்பவர்:
புலவர் தேறுமளவு என்கிறார், எதிர்ப்பவர்களும் களைத்துவிட்டார்கள். அதையே இடுகிறேன்.

வேதியியல் ஆசிரியை:
நான் களைக்கவில்லை. அதே இயலில் சகாராவுக்குத் தெற்கே இரும்புக் கலங்களில் காய்ச்சிய மரபுப் பீர் வருமே? அமிலத்தில் கரைந்த இரும்பு நன்றாகவே உடலில் சேர்ந்தது, கல்லீரலில் தேங்கி நோயானது. அங்கே "இரும்பின் தேறுமளவு அதிகம்" என்று எழுதுவீர்களா? தேறுதல் என்றாலே நன்மை என்று காதில் விழுகிறது. மூலச்சொல் நன்மை தீமை எதையும் சொல்வதில்லை.

மொழிபெயர்ப்பவர்:
அந்தப் பத்தியில் மட்டும் 'உடலில் சேரும் அளவு' என்று மாற்றிவிட்டேன். கோப்பு அச்சுக்குப் போய்விட்டது.

தனித்தமிழ் அன்பர்:
அங்கே பொருந்துகிறதென்றால் மற்ற இடங்களிலும் அதையே போட்டிருக்கலாமே?

புலவர்:
அது சொல் அல்ல, விளக்கம். தேறல் பற்றி இன்னும் இரண்டு பாடல்கள் இருக்கின்றன, நாளை எழுதுகிறேன்.