பின் அச்சு டிஃபரன்ஷியலை மாற்றுவது குறித்து உதவி தேவை

வணக்கம். எனது ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பின் அச்சிலிருந்து, வேகம் கூடும்போது வலுத்தும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் தணிந்தும் ஒரு முனகல் சில வாரங்களாகக் கேட்டுவந்தது. அங்குள்ள டிஃபரன்ஷியலின் (எஞ்சினின் சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதியின்) ஆயிலை வடித்தபோது, வடிகால் போல்ட்டின் காந்தத்தில் வழக்கமாகப் படியும் கருஞ்சேற்றோடு, சுண்டுவிரல் நகமளவு உடைந்த பல் துண்டு ஒன்றும் ஒட்டியிருந்தது. அதைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிட்டேன்.

அதன் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 41 பற்களும், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 10 பற்களும் இருப்பதால் விகிதம் 4.1. எனக்குக் கிடைக்கும் பழைய டிஃபரன்ஷியலோ 43-க்கு 11, அதாவது ஏறத்தாழ 3.9. முன் அச்சு 4.1-ஆகவே இருக்கையில் இதைப் பொருத்தினால், நான்கு சக்கரங்களும் இயங்கும்போது முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று இழுத்து இறுகும் என்பதால் வாங்க மனம் ஒப்பவில்லை.

அதே விகிதமுள்ள முழுத் தொகுதியைத் தேடுவதா, இருக்கும் ஹவுசிங்கிலேயே (வெளிக்கூட்டிலேயே) புதிய கிரவுன்-பினியன் ஜோடியையும் பேரிங்குகளையும் போடுவதா? பேக்லாஷை (பொருந்தும் பற்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளியை) அளக்க டயல் கேஜ் வைத்திருக்கிறேன். ஆனால் பற்களில் மை பூசி, படியும் தடத்தைப் பார்த்துப் பினியனின் ஆழத்தைச் சரிசெய்த அனுபவம் எனக்கில்லை. இதைத் தாமே செய்தவர்கள், ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகளை) எந்த வரிசையில் மாற்றினீர்கள் என்று விளக்கினால் மிகுந்த நன்றியுடையவனாவேன்.