பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களே, உங்கள் வண்டி பக்கத்தில் வந்து நின்றவர்கள் யார் யார்?

எம்ஜிபி ரோட்ஸ்டர் 1966, ஆக்ஸ்ஃபோர்டு

இந்த வண்டியில் பெட்ரோல் போடப் போனால் ஐந்து நிமிடத்தில் கிளம்ப முடியாது. யாராவது வந்து நிற்பார்கள், பேசுவார்கள். அப்படி வந்த ஒருவரால்தான் என் வண்டி இன்று முழுசாக இருக்கிறது. அதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. நீங்களும் உங்களுடையதை எழுதுங்கள்.

2016-இல் வாங்கினேன். சிவப்பு நிறம், குரோம் பம்பர், கம்பிச் சக்கரம். போன வருஷம்தான் டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் முடித்தது என்று விற்றவர் ஒரு பட்டறை ரசீதைக் காட்டினார். பெயின்ட் அப்படிப் பளபளத்தது. மூன்றாவது வாரமே அபிங்டனுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். 1929 முதல் 1980 வரை எம்ஜி கார்கள் அந்த ஊரில்தான் கோர்க்கப்பட்டன. வண்டி பிறந்த ஊரை அதற்கே காட்ட வேண்டும் என்று ஓர் எண்ணம்.

கார் நிறுத்துமிடத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் வந்தார். எந்த வருஷம் என்று கேட்டார், சொன்னேன். 'அப்படியானால் இதை நானும் தள்ளியிருப்பேன்' என்றார். அறுபதுகளில் அந்த ஆலையில் வேலை பார்த்தவராம். பாடி அங்கே செய்ததில்லை, ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கௌலியில் பெயின்ட் அடித்து லாரியில் வரும், எஞ்சினும் கியர்பாக்ஸும் அச்சும் மாட்டிக் கீழே இறக்குவதுதான் அபிங்டன் வேலை என்றார். வண்டியை நகர்த்த ஓடும் பட்டை எதுவும் கிடையாது. ஒவ்வொரு வண்டியையும் ஆட்கள் கையால் தள்ளித்தான் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவார்கள்.

பேசிக்கொண்டே கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டினார். மேலே விரல் நுழையவில்லை, கீழே தாராளமாக நுழைந்தது. 'வீட்டுக்குப் போய் ஜாக்கி போட்டுத் தூக்கு. அப்புறம் கதவைத் திறந்து மூடிப் பார்' என்று மட்டும் சொன்னார்.

தூக்கினேன். கதவு மூடவில்லை.

எம்ஜிபிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரண்டு பெட்டிகள்தான் (சில் என்பார்கள்) வண்டியை நடுவில் வளையாமல் பிடித்திருக்கின்றன. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அதற்கு மூன்று அடுக்கு. என் வண்டியில் காந்தத்தை வைத்துப் பார்த்தால் பாதி இடத்தில் ஒட்டவே இல்லை, முழுக்கப் பட்டி. அறுத்துப் பார்த்தபோது பழைய துருத் தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்துப் பற்ற வைத்திருந்தார்கள். உள்ளே நடுத்தகடு என்று ஒன்று இல்லை, கை நிறையத் துருப்பொடிதான் இருந்தது. அதே வண்டியில் நான் மனைவியையும் மகளையும் மாறி மாறி ஏற்றிப் போயிருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஓட்டுபவரின் உயிரைத் தாங்கும் தகட்டை மறைத்துப் பூசுவதை வேலை என்று சொல்ல முடியாது.

பதினான்கு மாதம் ஆனது. சில்லை வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்ற வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பாடி மடங்கிவிடும், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. இதை முதலில் சொன்னவரும் அந்தப் பெரியவர்தான். புதுத் தகடுகள் பக்கத்திலேயே, விட்னியில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜில் கிடைத்தன. எம்ஜிபியின் அசல் அச்சுகளை வைத்தே அவர்கள் இன்றும் தகடு அடிக்கிறார்கள். பெரியவர் நான்கைந்து முறை வந்து என் கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கதவு 'டக்' என்று ஒரே தடவையில் மூடிய அன்றைக்கும் இருந்தார். எழுந்து வந்து இடைவெளியில் மறுபடியும் கட்டைவிரலை ஓட்டினார். ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் கேட்டார்.

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500, 1978, லெஸ்டர்

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு அம்மா. 1972-இல் புதிதாக ஒன்று வாங்கி இருபது வருஷம் ஓட்டினாராம். வண்டி அழகு, நிறம் அழகு என்று எதுவும் சொல்லவில்லை. 'ட்ரனியனுக்கு ஆயில் வைக்கிறாயா, கிரீஸ் வைக்கிறாயா?' என்பதுதான் முதல் கேள்வி. கிரீஸ் என்றேன். முகம் மாறிவிட்டது.

முன் சக்கரம் திரும்பும் கீழ் மூட்டுதான் ட்ரனியன். பித்தளைத் துண்டுக்குள் மரை, அதற்குள் எஃகுத் தண்டு. அதற்கு இ.பி. 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் மரை முழுக்கப் போய்ச் சேராது. நாளடைவில் இறுகி, உள்ளே தண்ணீர் தங்கி, தண்டு அரித்து ஒடிந்துவிடும். அவருக்கு ஒடிந்தது வீட்டு வாசலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது. சக்கரம் அப்படியே மடிந்து படுத்துக்கொண்டதாம். நெடுஞ்சாலையில் ஆகியிருந்தால் என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

அந்த வாரமே கழற்றினேன். இடது பக்கத் தண்டில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். இரண்டு பக்கமும் புதிது போட்டுவிட்டேன்.

எம்ஜிபி ஜிடி 1972, ரெடிங்

மகள் பிறந்தபோது மதுரையிலிருந்து மாமனார் வந்தார். முப்பத்தைந்து வருஷம் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தவர், பெரும்பாலும் டாக்சி வண்டிகள். குளிர் பிடிக்காமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஒரு நாள் வண்டியைக் கிளப்பினேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார். 'மாப்பிள்ளை, பானட்டைத் திறங்க' என்றார்.

ஒரு நிமிடம் பார்த்தார். 'இது நம்ம அம்பாசிடர்ல!'

உண்மைதான். அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்துச் செய்த வண்டி. அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் பி சீரிஸ் என்ற ஒரே குடும்பம். படித்து எனக்குத் தெரியும். ஆனால் பிளக் எந்தப் பக்கம், டாப்பட் (வால்வை அமுக்கும் பாகம்) மூடியின் நட்டு எந்த இடம் என்று அவர் கை பார்க்காமலே போனதைக் கண்டபோதுதான் அது எனக்கு நிஜமாகப் பட்டது.

டாப்பட் சத்தம் ஜாஸ்தி என்றார். ஆறு மாதமாக நான் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தும் அடங்காத சத்தம். எஞ்சின் குளிரட்டும் என்று மறுநாள் காலை வரை காத்திருந்தார். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் கேட்டார், கொடுத்தேன். '15 தௌ' (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று அவரே எடுத்துக்கொண்டார். அப்புறம் எனக்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தார். 'எட்டாவது வால்வு முழுசா அமுங்கி நிக்கும்போது ஒண்ணாவதுக்குத் தௌ வைங்க. ஏழாவது அமுங்கினா ரெண்டாவது. மூணாவது அமுங்கினா ஆறாவது. எப்பக் கூட்டினாலும் ஒம்பது வரணும்.' நாற்பது நிமிடத்தில் எட்டும் முடிந்தது.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் அம்பாசிடரில் ஒன்று, இதில் இரண்டு. அது மட்டும் அவருக்குப் புதிது. தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை இரண்டு வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்தார். காற்று இழுக்கும் சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி கேட்கும் வரை ஸ்க்ரூவைத் திருகினார்.

மிச்சமிருந்த இரண்டு மாதமும் அவர் வீட்டுக்குள் உட்காரவே இல்லை. என்னோடு பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர், இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அழைத்து முதலில் பேத்தியைக் கேட்கிறார், அடுத்து வண்டியை.

ஒஸ்ரின் ஹீலி ஸ்ப்றைற் 1959, ஹரோ

மேலே உள்ளதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என்னுடையது தவளைக் கண் என்று பட்டப்பெயர் உள்ள ஸ்ப்றைற். 948 சிசி, ஏ சீரிஸ். மொறிஸ் மைனரில் இருந்த அதே எஞ்சின் குடும்பம்.

கோயிலுக்கு வெளியே நிப்பாட்டியிருந்தேன். திரும்பி வந்து ஸ்ராட் பண்ணினதும் ஒரு ஐயா நின்றுவிட்டார். 'தம்பி, இது மைனரின்ர சத்தம் எல்லே?' தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் மைனர் ஓடினவர். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவேண்டும். ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேரை அப்படி ஏற்றினேன் என்று கணக்கில்லை என்றார்.

புகையை மணந்து பார்த்து, ஒரு பிளக்கைக் கழற்றச் சொன்னார். கரி மாவாகப் படிந்திருந்தது. பெற்றோல் கூடப் போகுது, இரண்டு காபரேற்றருக்கும் கீழே இருக்கிற நட்டை, அதன்ர ஆறு பக்கத்தில் ஒரு பக்கம் அளவு மட்டும் மேலே திருப்பு, பத்து மைல் ஓடிப்போட்டு திரும்பப் பார் என்றார். இரண்டு தரம் செய்தேன். இப்போது பிளக் பிஸ்கற் நிறம்.

அவரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனேன். கியர் மாற்றும்போதெல்லாம் அவருடைய இடது காலும் அசைந்தது.

எம்ஜிபி ரோட்ஸ்டர் 1966, ஆக்ஸ்ஃபோர்டு

ரெடிங் நண்பருக்கு: நேற்று ஒன்பது கணக்கை வைத்து எட்டு வால்வையும் பார்த்தேன். இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் இடைவெளி அதிகமாக இருந்தது. சத்தம் அடங்கிவிட்டது. மாமாவிடம் சொல்லுங்கள்.