ஓடும் சைக்கிள், ஓடும் தண்ணீர்: ஷட்டர் வேகம் எவ்வளவு வைப்பது?

கேள்வி
ஆட்டோவை விட்டுவிட்டு ஷட்டர் ப்ரையாரிட்டியில் (ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நாம் வைக்க, துவாரத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் முறை) பழகிக்கொண்டிருக்கிறேன். 1/1000 நொடியில் சைக்கிள் ஓட்டுபவரை எடுத்தால் சக்கரத்தின் கம்பிகூடத் தெளிவாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கிற மாதிரி தெரிகிறது. சரி, அருவியையாவது பட்டுப்போல எடுக்கலாம் என்று வெயிலில் 1 நொடி வைத்தால் படம் முழுக்க வெள்ளை. வேகத்தை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

பதில் 1
எண்ணைத் தேடுவதற்கு முன் படத்தில் எது நிற்க வேண்டும், எது கலைய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். சைக்கிளுக்கு 1/30 அல்லது 1/60 வையுங்கள். ஆள் தூரத்தில் வரும்போதே ஃபோகஸ் பிடித்து, இடுப்போடு சேர்த்து உடம்பைத் திருப்பி அதே வேகத்தில் பின்தொடர்ந்து, க்ளிக் செய்த பிறகும் திருப்புவதை நிறுத்தாமல் இருந்தால் ஆள் ஓரளவு தெளிவாகவும் சக்கரமும் பின்னணியும் கோடு கோடாகவும் வரும். இதுதான் பேனிங். நேராக உங்களை நோக்கி வருபவரிடம் இது எடுபடாது, பக்கவாட்டில் கடக்க வேண்டும். பின்னால் மரமோ சுவரோ இருக்கட்டும், வெறும் வானத்தில் கோடு விழாது.

பதில் 2
அருவிக்கு வருகிறேன். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப்/11 என்றால் சரியான வேகம் சுமார் 1/200. அங்கே 1 நொடி திறந்தால் 200 மடங்கு வெளிச்சம் உள்ளே போகிறது. லென்ஸின் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரில் 6 ஸ்டாப் வகை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும், அதனால் 1/3 நொடி கிடைக்கும். எனக்கு அதுவே போதும், தண்ணீரின் இழைகள் தெரியும். பல நொடிகள் வைத்தால் வெறும் புகைதான், அதில் அருவியின் வேகமே இல்லை. துவாரத்தை எஃப்/22 வரை சுருக்கித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், கூர்மை குறைந்துவிடும். மேகமூட்டமான நாளில் போவது நல்லது. ட்ரைபாடும் 2 நொடி டைமரும் கட்டாயம்.

பதில் 3
மேலே சொன்னதுடன் ஒன்று சேர்க்கிறேன். 1838இல் ஒளிப்பட முன்னோடி லூயி டாகேர் பாரிஸின் புலெவார் து டெம்பிள் தெருவை எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். பரபரப்பான தெரு காலியாகக் கிடக்கும், ஷூ பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிந்திருப்பார். அவ்வளவு நீண்ட எக்ஸ்போஷரில் நடந்தவர்களும் வண்டிகளும் மறைந்துபோனார்கள். நீங்களும் கூட்டத்தில் ஒருவரை அசையாமல் நிற்கச் சொல்லி 1/4 நொடியில் எடுத்துப் பாருங்கள், சுற்றியிருப்பவர்கள் கரைந்து ஓடுவார்கள். அப்புறம், ஹெலிகாப்டரை 1/2000இல் எடுக்காதீர்கள். இறக்கை நின்றுபோய் பொம்மை மாதிரி இருக்கும்.

கேள்வி கேட்டவர்
நன்றி! பேனிங்குக்கும் ட்ரைபாட் வேண்டுமா?

பதில் 1
வேண்டாம், கையிலேயே எடுங்கள். லென்ஸில் பேனிங்குக்கென்று தனி ஸ்டெபிலைசேஷன் (நடுக்கம் குறைக்கும்) மோடு இருந்தால் அதைப் போடுங்கள். பர்ஸ்டில் (தொடர்ந்து பல படங்களாக) எடுத்தால் நாலைந்தில் ஒன்றாவது தேறும்.