செவ்வியல் சோப்ரானோ இசை நாடகத்துக்குப் போவது இழப்பா?

சுரவழி:
பெரும்பாலும் பாடியே நடிக்கும் ஓப்பராவுக்கென்று ஆண்டுக்கணக்கில் பழக்கிய சோப்ரானோ குரலை, அதாவது பெண்களின் உச்சஸ்தாயிக் குரலை, பேச்சும் பாட்டும் கலந்த இசை நாடகமான மியூசிக்கல் மேடைக்குக் கொண்டுபோவது வீண் என்றே எனக்குப் படுகிறது. ஒலிவாங்கி இல்லாமல், முழு இசைக்குழுவையும் மீறிக் கடைசி வரிசைவரை எட்டுவதற்காகத்தான் அத்தனை பயிற்சியும். நெற்றி மயிரோரத்தில் ஒலிவாங்கியை ஒட்டிக்கொண்டு பாடும் இடத்தில் அதற்கு என்ன வேலை?

மேடைமொழி:
மறுக்கிறேன். பாடகி-நடிகை ஆட்ரா மெக்டொனால்ட் நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப்பள்ளியில் செவ்வியல் குரலிசை பயின்று 1993இல் வெளிவந்தார். மறு ஆண்டே ‘கேரோசல்’ மியூசிக்கலுக்காக, அமெரிக்க நாடக மேடையின் உயரிய விருதான டோனியைப் பெற்றார். நடிப்புக்காக ஆறு டோனி பெற்றவரின் பயிற்சியை வீண் என்பீர்களா? ஒலிவாங்கி ஏற்றுக்கொள்வது உரத்த ஒலியின் சுமையை மட்டுமே. மூச்சும் சுருதியும் பாடுபவருடையவைதாம்.

சுரவழி:
அவர் விதிவிலக்கு. மியூசிக்கல்கள் நடக்கும் நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் வாரம் 8 காட்சிகள். ஓப்பராவில் முதன்மைப் பாடகர்கள் இரு காட்சிகளுக்கு நடுவே ஓய்வெடுப்பது வழக்கம். போதாக்குறைக்கு, நெஞ்சுக்குரலின் வலுவை மேல்ஸ்தாயிக்கு ஏற்றும் ‘பெல்ட்’ வேறு. தலைக்குரலிலேயே வளர்ந்தவர் அதை முறையின்றிச் செய்தால் குரல்நாண்கள் வீங்கிவிடும்.

மேடைமொழி:
அந்த அச்சம் நியாயமானது. ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஓப்பரா’ மியூசிக்கலில் நாயகி கிறிஸ்டீன் வேடத்துக்கு மாற்று நடிகை ஒருவரை அமர்த்தி, வாரத்தில் சில காட்சிகளை அவருக்கு ஒதுக்கியதும் அதனால்தான். ஆனால் பெரிய தடை சொல்லில் இருக்கிறது. சோப்ரானோ உச்சத்துக்குப் போகப் போக, சுரத்தின் அதிர்வெண் உயிரொலியை அடையாளம் காட்டும், வாய்க்குழியின் முதல் ஒத்ததிர்வைத் தாண்டிவிடுவதால், ‘ஈ’யும் ‘ஊ’வும் ‘ஆ’வைப் போலவே கேட்கத் தொடங்கும். ஓப்பராவில் மேலே மொழிபெயர்ப்பு வரிகள் ஓடும். மியூசிக்கலிலோ ஒரு சொல் நழுவினால் கதையே கைநழுவும். எங்கள் வகுப்பில் வரியை முதலில் பேசச் சொல்வார்கள், பிறகு அதே வாயசைவில் பாடச் சொல்வார்கள். ஒரு சிறு சொல்லை விப்ராட்டோ என்னும் குரல் அசைவு இல்லாமல் தொடங்கி, அதன் முடிவில் மட்டும் மெல்ல அசைய விட எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. மூச்சைக் கட்டுப்படுத்தும் செவ்வியல் பயிற்சி இல்லையென்றால் அது வந்தே இருக்காது.

பின்வரிசை:
திரும்பி வரும் வழியும் அடைபட்டதில்லை. ஓப்பரா பயின்று பிராட்வேக்குப் போன கெல்லி ஓஹாரா, 2014 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவில் (மெட்) ‘தி மெர்ரி விடோ’வில் பாடினார், 2015இல் ‘தி கிங் அண்ட் ஐ’ மியூசிக்கலுக்காக டோனி பெற்றார்.

சுரவழி:
அந்த வழி இன்று திறந்திருக்கலாம், 1953இல் ஓப்பரா சோப்ரானோ ஹெலன் ட்ராபல் இரவு விடுதிகளில் பாடியதற்காகவே மெட் நிர்வாகத்துடன் பிணங்கி விலக நேர்ந்தது. சொல் பற்றி நீங்கள் எழுதியதை ஒப்புக்கொள்கிறேன்; அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனாலும் கனத்த சோப்ரானோ குரல்கள் முப்பதை ஒட்டித்தான் முதிர்கின்றன. இருபத்திரண்டு வயதில் வாரம் 8 காட்சிகளுக்கு ஒப்பந்தமிடும் பெண்ணுக்குத் தன் குரல் எதுவாக வளரும் என்று தெரிய வாய்ப்பே இல்லை. என் கவலை அவரைப் பற்றியதே.