ஆயில் ஃபில்டர், அதற்குள் வால்வு: பைபாஸுக்கு என்ன போடலாம்?

கையேட்டுக்காரி எழுதியது:

வணக்கம். படகு டீசல் எஞ்சினுக்கான பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் முடித்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். மாற்று ஃபில்டரைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

சிக்கல் 'பைபாஸ்' என்பதில்தான். பைபாஸ் வால்வு என்று ஒன்று வருகிறது. வடிகட்டும் தாள் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ, தாளின் இரு புறத்துக்கும் அழுத்த வேறுபாடு கூடும். அப்போது இது திறந்து, வடிகட்டாத எண்ணெயையே பேரிங்குகளுக்கு அனுப்பும். அழுக்கு எண்ணெயாவது போகட்டும், எண்ணெயே இல்லாமல் ஓடக் கூடாது என்ற கணக்கு. பைபாஸ் ஃபில்டர் என்று இன்னொன்றும் வருகிறது. பம்ப் தரும் எண்ணெயில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ பிரித்தெடுத்து, மிக நுண்ணிய தூசியைப் பிடித்து, எஞ்சினடி எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கே திருப்பி விடுவது. முன்னதில் வடிகட்டல் நடக்காது, பின்னதற்கு வடிகட்டுவதே வேலை. இரண்டுக்கும் 'புறவழி' என்று போட்டால் படிப்பவர் கதி என்ன? இது போக, எஞ்சின் நின்றபின் ஃபில்டரிலிருந்து எண்ணெய் வடிந்துவிடாமல் பிடித்து வைக்கும் வால்வு வேறு. மூன்றுக்கும் சொல் கொடுங்கள்.

சொல்லேர் எழுதியது:

அம்மா, மூன்றைப் பிறகு பார்ப்போம். 'எண்ணெய் வடிகட்டி' என்பதே முதலில் சரியா? எள்+நெய்=எண்ணெய். எஞ்சினுக்குள் எள் எங்கே வந்தது? நெய்தான் பொதுச்சொல். நன்னூலார் கடைமாணாக்கருக்கு உவமை சொல்லும்போது 'நெய்யரி' என்கிறார். நெய்யை அரிப்பது நெய்யரி. வினைத்தொகையோ வேற்றுமைத்தொகையோ என்ற ஐயத்துக்கே இடமில்லை. அரித்தல், அரிப்பு, மாவரி என்று ஒரு குடும்பமே இருக்கிறது. நான்கெழுத்தில் ஆயத்தமாக இருக்கும் சொல்லைக் கைவிட்டு ஏழெட்டு எழுத்துக்கு அலைவானேன்? 'அரி' என்பதற்கு வண்டு, சிங்கம், கண்ணின் செவ்வரி என்றெல்லாம் பொருள் விரிவதை முன்பே இங்கு எழுதியிருக்கிறேன்.

டீசல் எழுதியது:

ஐயா, நெய்யரி என்று அச்சடித்தால் எஞ்சின் அறையில் இருப்பவர் அதைச் சமையலறையில் போய்த் தேடுவார். நல்லதை ஒழுகவிட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்வதால் நெய்யரியைக் கடைமாணாக்கனுக்குச் சொன்னார்கள். எஞ்சினுக்கு அவன்தான் தலைமாணாக்கன்! இலக்கியம் என்ற அளவில் எனக்கும் பிடித்திருக்கிறது, கையேட்டில் வேண்டாம்.

அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பைபாஸில் காட்டும் கவனத்தை மரைக்கும் காட்டுங்கள். முக்கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 16 மரை ஒரு வகை, எம்20 1.5 (மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர்) இன்னொரு வகை. முன்னதன் விட்டம் 19.05 மில்லிமீட்டர், பின்னது 20. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றே. எம்20 ஃபில்டரை முக்கால் அங்குலத் தண்டில் திருகினால் உள்ளே ஏறும், ரப்பர் வளையம் அழுந்தி இறுகினாற்போலவும் இருக்கும். ஆனால் மரைப்பிடிப்பு அரைகுறை. அழுத்தம் ஏறியதும் பிய்த்துக்கொண்டு போகலாம். எண்ணெய் முழுக்கப் படகின் அடியில் கிடக்கும். மரை கழன்றது என்று ஆளைச் சொல்வோமே, இங்கே எஞ்சினுக்கே கழலும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும் ஒரு வரி எழுதுங்கள். வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்தாலும் எண்ணெய் பீறிடும்.

நெய்தலான் எழுதியது:

வடியாமல் தடுப்பதற்கு 'ஓரதர்' போடலாமே? அதர் என்றால் வழி. பாலைப் பாட்டுகளில் தலைவன் நடக்காத அதரா? (நெய்தலான் பாலைக்குப் பரிந்து பேசுவதைப் பொறுத்தருளவும்.) ஒரு பக்கம் மட்டும் விடுவதால் ஓரதர். பைபாஸ் வால்வுக்குத் 'தப்பு வால்வு'. எண்ணெய் தப்பிப் போகிறது அல்லவா?

டீசல் எழுதியது:

'தப்பு வால்வு' என்று படித்ததும் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்றல்லவா நினைப்பார்கள்! ஓரதரும் ஒத்துவராது. பைபாஸ் வால்வும் ஒரு பக்கம்தான் விடும், அப்போது அதுவும் ஓரதர்தானே? பிரித்துக் காட்டத்தான் சொல் கேட்கிறார்கள்.

சொல்லேர் எழுதியது:

வால்வு, வால்வு என்று இன்னும் எத்தனை முறை? 'அடைப்பிதழ்' பாடநூலிலேயே இருக்கிறது. வடசொல்லையே வடவெழுத்தை ஒரீஇத்தான், அதாவது விலக்கித்தான், ஏற்கலாம் என்றார் தொல்காப்பியர். இங்கே வேற்றுச்சொல்லுக்குச் சிவப்புக் கம்பளம்.

டீசல் எழுதியது:

வால்வில் ஒரீஇ விட வேற்றெழுத்து ஏதும் இல்லையே ஐயா! வகர ஆகாரம், லகர ஒற்று, வகர உகரம், எல்லாம் நம்முடையவை.

ஒரு ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். வடியாமல் தடுப்பது உண்மையிலேயே ஓர் இதழ்: மெல்லிய ரப்பர், சுற்றிலும் உள்ள சிறு துளைகளின் மேல் படிந்திருக்கும். ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டியிருந்தால் இது இல்லாமல் முடியாது. இல்லையென்றால் எஞ்சினைக் கிளப்பும்போதெல்லாம் காலியான டப்பா நிறையும் வரை பேரிங்குகள் எண்ணெய்க்குக் காத்திருக்கும். ஆகவே 'வடிதடுப்பிதழ்' எனக்குச் சம்மதம். பைபாஸில் இருப்பது சுருள்வில்லும் ஒரு தட்டும். அதில் இதழ் எங்கே?

கையேட்டுக்காரி எழுதியது:

நன்றி. இப்படி வைத்துக்கொள்கிறேன்: தாளைத் தாண்டி விடுவது 'தாண்டுவழி வால்வு', தனிக்கிளையில் சிறு பங்கை வடிகட்டுவது 'கிளைவழி வடிகட்டி', ரப்பர் 'வடிதடுப்பிதழ்'. தாண்டுவழி வால்வு ஃபில்டருக்குள் இருக்கிறதா, எஞ்சின் பிளாக்கிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும் எழுதிவிட்டேன். இரண்டிலும் இல்லாமல் போனால், தாள் அடைக்கும் நாளில் எண்ணெய் நின்றுவிடும் அல்லது தாள் கிழியும். குறைந்த அழுத்தத்திலேயே திறப்பதை மாட்டினால் ஃபில்டர் இருந்தும் பாதி நேரம் இல்லாத மாதிரிதான்.

எவ்வளவு நுண்ணிய துகள் வரை பிடிக்கும் என்று காட்டும் மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிய தொல்லை இல்லை. பெட்டியில் வெறுமனே 'நாமினல்' மைக்ரான் என்று போட்டிருந்தால் எத்தனை விழுக்காட்டைப் பிடிக்கும் என்பதற்குப் பொது அளவே இல்லை. 'பெயரளவு மைக்ரான்' என்று எழுதினேன், பொருள் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளே போகும் துகளுக்கும் வெளியே வரும் துகளுக்கும் உள்ள விகிதமான பீட்டாவுக்குப் 'பிடிப்பு விகிதம்'. ஐஎஸ்ஓ 4548-12 சோதனையில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட துகள் 75 உள்ளே போய் ஒன்று மட்டும் வெளியே வந்தால் விகிதம் 75, அதாவது சுமார் 98.7 விழுக்காடு பிடிபட்டது.

நெய்தலான் எழுதியது:

தாண்டுவழிக்கு என் ஓட்டு. ஓரதரை வேறு இழையில் மீட்டுக்கொள்கிறேன்.

சொல்லேர் எழுதியது:

பெரும்பான்மை முடிவைத் தடுக்கவில்லை. ஆனால் ஒரே டப்பாவுக்குள் ஒன்று இதழாம், ஒன்று வால்வாம்! 'தாண்டடைப்பிதழ்' என்றால் என்ன குறைந்துவிடும்? மறுப்பைப் பதிந்து வைக்கிறேன். 'மைக்ரான்' அப்படியே இருப்பதை ஒருவரும் கேட்கவில்லையே. நாளை விரிவாக எழுதுகிறேன்.

டீசல் எழுதியது:

ஐயா, திங்கட்கிழமை தாண்டட்டும்.